மூன்றும் ஒரே டப்பாவில் வேண்டாம்: பழந்தேயிலை, காப்பி, கொக்கோ கேள்வி–பதில்

சீனாவின் யுன்னான் மாநிலத்துப் பூஎர் தேயிலையோடு உடைத்த காப்பிக்கொட்டையும் கொக்கோவும் சேர்த்த உதிரி இலைக் கலவை இப்போது இணையக் கடைகளில் கிடைக்கிறது. வாங்கிக் குடித்தவர்களும் வீட்டிலேயே கலந்து பார்க்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளிலிருந்து சில.

பூஎர் என்பது வெறும் பழைய தேயிலைதானா? எங்கள் வீட்டில் நீலகிரித் தூள் பாக்கெட் ஒன்று இரண்டு வருடமாகப் பிரிக்காமல் கிடக்கிறது. அதுவும் பூஎர் ஆகியிருக்குமா? (வாசகி, திருச்சி)

ஆகியிருக்காது. அந்தத் தூளை ரோஜாச் செடிக்கு உரமாகப் போடுங்கள்.

நாம் வாங்கும் தூள், இலையை நசுக்கி, முழுக்கப் புளிக்கவைத்து, கடைசியில் நல்ல சூட்டில் உலர்த்தியது. அந்தச் சூட்டோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. அதற்குமேல் நாள்பட நாள்பட மணம்தான் போகும். பூஎருக்குப் பறிக்கும் பெரிய இலையை இரும்புச் சட்டியில் அளவான சூட்டில் வதக்கி, சுருட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். வெயிலில் காய்ந்த இலையில் நுண்ணுயிர்களுக்கும் மெதுவான ரசாயன மாற்றத்துக்கும் இடம் மிச்சமிருக்கிறது. அதனால்தான் அது வருடக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கிறது. யுன்னானில் விளைந்த பெரிய இலை வகையை வெயிலில் காயவைத்துச் செய்தால்தான் பூஎர் என்று பெயர் போடலாம் என்பது 2008இல் சீனா வகுத்த தரவிதி.

பச்சைப் பூஎர், பழுத்த பூஎர் என்று இரண்டு போட்டிருக்கிறார்கள். கலவைக்கு எது? '20 வருடப் பழசு' என்று ஒன்று நாலு மடங்கு விலையில் இருக்கிறதே, அது வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பழுத்ததை வாங்குங்கள். பச்சைப் பூஎர் தானாக முதிர வேண்டியது. இளசாக இருக்கும்போது துவர்ப்பும் கசப்பும் தூக்கலாக இருக்கும். அதன்மேல் காப்பிக் கசப்பும் கொக்கோக் கசப்பும் ஏறினால் நாக்கு மரத்துப்போகும்.

பழுத்த வகை 1970களில் வந்தது. பல வருட முதிர்ச்சியைச் சில வாரங்களில் கொண்டுவர 1973இல் குன்மிங் தேயிலை ஆலையில் ஒரு முறையை உருவாக்கினார்கள். காய்ந்த இலையைப் பெரிய குவியலாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, துணி போட்டு மூடுவார்கள். உள்ளே சூடு 50, 60 டிகிரிக்கு ஏறும். அவ்வப்போது கிளறிவிட்டு, சுமார் 45 முதல் 60 நாள் வைத்தால் பூஞ்சையும் ஈஸ்ட்டும் துவர்ப்பைத் தின்றுவிட்டு, இலையைக் கருஞ்சிவப்பாக, வழவழப்பான சாறு இறங்குவதாக மாற்றிவிடும். மண்வாசனை, பழைய மரவாசனை, ஓரத்தில் லேசான இனிப்பு. கொக்கோவுக்கு ஒத்துப்போவது இந்தக் குணம்தான். ஆக, '1960களின் பழுத்த பூஎர்' என்று யாராவது விற்றால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

20 வருடச் சரக்கு உண்மையானதாகவே இருந்தாலும் அதைக் கலவையில் போடுவது வீண். அந்த வயது கொடுக்கும் நுட்பமான மணத்தைக் காப்பி முதல் வாரத்திலேயே விழுங்கிவிடும். குவியல் வாடை அடங்கிய, இரண்டு முதல் ஐந்து வருடச் சரக்கு போதும். உதிரி இலையிலும் தரம் உண்டு. 'கோங்டிங்' என்னும் அரண்மனைத் தரம் சின்னச் சின்ன மொட்டுகளாக இருக்கும், வடிகட்டியில் நழுவும். 3, 5 என்று எண் போட்ட நடுத்தர இலையே கலவைக்கு வாகானது. வட்டாக அழுத்திய 357 கிராம் பூஎர்தான் கையில் இருக்கிறது என்றால், கத்தி முனையால் ஓரத்திலிருந்து நெம்பி அடுக்கடுக்காகப் பிரித்தெடுங்கள். இடித்தால் தூளாகிவிடும்.

வீட்டில் கலக்க அளவு சொல்லுங்கள். (வாசகி, கோவை)

100 கிராமுக்கு பூஎர் 70, கொக்கோ நிப்ஸ் (ஓடு நீக்கி உடைத்த கொக்கோக்கொட்டைத் துண்டுகள்) 20, காப்பி 10. இது எடைக் கணக்கு. கரண்டிக் கணக்கு இங்கே சரிப்படாது. நிப்ஸ் கனம், இலை லேசு, ஒரே கரண்டியில் இரண்டுக்கும் எடை ரொம்பவே வித்தியாசப்படும். நகைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் நல்லது.

காப்பியில் பிளான்டேஷன் ஏ அல்லது பீபரி என்று விற்கும் கொட்டைத் தரம், நடுத்தரத்துக்குச் சற்று மேலான வறுவல். இளவறுவலின் புளிப்பு பூஎரின் மண்வாசனையோடு சண்டை போடும். எண்ணெய் மினுங்கும் கருவறுவலும் வேண்டாம், அந்த எண்ணெய் இலைமேல் படிந்து சிக்கு வாடையாகும். சிக்கரி கலந்த தூளைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். கொட்டையை அரைக்கக் கூடாது, உரலில் லேசாகத் தட்டி நாலைந்து துண்டாக உடைத்தால் போதும்.

கொக்கோவுக்கு வருவோம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ போடுகிறார்கள். உங்கள் ஊருக்கு நல்ல நிப்ஸ் எட்டும் தூரம்தான். வாங்கும்போது வறுத்ததா என்று கேளுங்கள். வறுக்காத நிப்ஸில் புளிக்கவைத்தபோது வந்த காடிப் புளிப்பு அப்படியே இருக்கும். அடி கனத்த வாணலியில், சின்னத் தீயில், கை எடுக்காமல் எட்டுப் பத்து நிமிடம் வறுத்தால் காடி வாடை போய்ச் சாக்லேட் வாடை எழும். அடுத்த படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: நிப்ஸைத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். வெதுவெதுப்போடு டப்பாவில் போட்டால் ஆவி வியர்த்து இலை ஈரமாகும், ஈரமான பூஎர் பூசணம் பிடிக்கும். ஆறியபின் கடுகை விடச் சற்றே பெரிதாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நொறுக்கிக்கொள்ளுங்கள். முழு நிப்ஸ் நாலு நிமிடத்தில் ஒன்றும் இறக்காது.

வாங்கிய கலவையில் முதல் பத்துக் கோப்பை வெறும் டீயாக இருந்தது. டப்பா அடிக்குப் போகப் போக ஒரே காப்பி, கசப்பு. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், மதுரை)

இல்லை. கனமான சின்னத் துண்டுகள் அடியில் இறங்கிவிட்டன. லாரியில் வரும்போதே அது நடந்துவிடும். குலுக்கினால் இன்னும் மோசமாகும். அகலத் தட்டில் மொத்தத்தையும் கொட்டிக் கையால் புரட்டி, ஒரு தடவைக்கான 4 கிராம் பொட்டலங்களாகக் கட்டிவையுங்கள். அல்லது டப்பாவைச் சாய்த்து அடியிலிருந்து மேல்வரை கரண்டியால் வாரி எடுங்கள்.

பூஎரை முதலில் கழுவிக் கொட்ட வேண்டும் என்கிறார்கள். கழுவினால் காப்பி போய்விடுகிறதே. எப்படித்தான் போடுவது? (வாசகி, சென்னை)

நியாயமான கேள்வி. குவியலில் புளித்த இலைக்குக் கொதிநீர்க் கழுவல் அவசியம். தூசி போகும், சுருண்ட இலை விரியும். காப்பித் துண்டோ முதல் பத்து நொடியிலேயே தன் நல்ல மணத்தை விட்டுவிடுகிறது. கடைக் கலவையில் இரண்டையும் காப்பாற்ற வழியில்லை. கொதிநீர் ஊற்றி மூன்றே நொடியில் வடித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

தனித்தனியாக வைத்திருந்தால் சிக்கலே இல்லை. 200 மில்லிக்கு பூஎர் 2.8 கிராம் எடுத்து, கொதிநீர் ஊற்றிப் பத்து நொடியில் வடித்துவிடுங்கள். அந்த ஈர இலைமேல் நிப்ஸ் 0.8 கிராம் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடுங்கள். இரண்டு நிமிடம் கழித்துக் காப்பி 0.4 கிராம். இன்னும் இரண்டு நிமிடம். வடிகட்டுங்கள். காப்பி கடைசியில் போவதற்குக் காரணம், அதற்குள் தண்ணீர் 90 டிகிரி வாக்கில் இறங்கியிருக்கும், காப்பிக்கு அதுவே தோது.

அதே இலையில் இரண்டாம் தடவை ஆறு நிமிடம் ஊறவிடலாம். காப்பி அதற்குள் செத்திருக்கும், கொக்கோ மங்கலாக இருக்கும், பூஎர் மட்டும் அசராமல் இறங்கும். புதிதாக ஒரு சிட்டிகை காப்பி சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் தடவை வெறும் பூஎர்தான், அதுவும் நன்றாகவே இருக்கும்.

பில்டர் காப்பி பில்டரில் போடலாமா? (வாசகர், கும்பகோணம்)

வேண்டாம். பில்டரில் நைசான தூள் இறுகி நின்று தண்ணீரைத் தடுப்பதால்தான் டிகாஷன் மெதுவாக இறங்குகிறது. இலையும் துண்டுகளும் தண்ணீரைத் தடுக்காது. ஊற்றிய வேகத்தில் கீழே போய்விடும், ஊறவே ஊறாது. சங்கிலி கட்டிய உருண்டை வடிகட்டியும் உதவாது, இலை விரிய இடமில்லை. மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரமும் சாதாரண டீ வடிகட்டியும் போதும். பிரெஞ்ச் பிரஸ் (ஊறியபின் சல்லடையை அழுத்தி வடிக்கும் குடுவை) இருந்தால் அதுவே உத்தமம்.

பால் விட்டுப் போட்டால் சில நாள் திரிந்துவிடுகிறது. பனங்கருப்பட்டிதான் சேர்க்கிறேன். (வாசகி, தூத்துக்குடி)

பெரும்பாலும் கருப்பட்டிதான் காரணம். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் உள்ள புளிப்புத்தன்மையும் உப்புகளும் கொதிக்கும் பாலைத் திரியவைக்கும். காப்பியும் புளிப்புச் சுபாவம் உடையது, கொக்கோவும் அப்படியே. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால், காலையில் காய்ச்சிய பால் மாலையில் தாங்காது.

வரிசையை மாற்றுங்கள். 150 மில்லி தண்ணீரில் கழுவிய பூஎர் 4 கிராமும் நிப்ஸ் ஒன்றேகால் கிராமும் போட்டுச் சின்னத் தீயில் நாலு நிமிடம் கொதிக்கட்டும். புதிதாகக் காய்ச்சிய பால் 100 மில்லி விட்டு ஒரு கொதி. அடுப்பை அணைத்தபின் காப்பித் துண்டுகளைப் போட்டு ஒன்றரை நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். காப்பியை அடுப்பில் கொதிக்கவிட்டால் கசப்பு மட்டும் மிஞ்சும். கருப்பட்டி டம்ளரில், கடைசியில். கருப்பட்டியின் புகைவாசனை பூஎரோடு சேரும் அழகுக்கு வெள்ளைச் சர்க்கரை பக்கத்தில் நிற்க முடியாது.

கோப்பையின் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. கலப்படமா? (வாசகர், சேலம்)

இரண்டு வகைப் படலம் உண்டு. வட்ட வட்டப் பொட்டுகளாக மினுங்கினால் அது கொக்கோ வெண்ணெய். நிப்ஸில் பாதிக்குப் பாதி கொழுப்புதான். சுமார் 34 டிகிரியில் உருகி மேலே வரும், ஆறினால் வெளுத்த புள்ளிகளாகும். குடிக்கலாம்.

படலம் முழுப்பரப்பையும் மூடி, கரண்டி பட்டதும் மெல்லிய கண்ணாடி போல் விரிசல் விட்டால் அது உங்கள் போர்த் தண்ணீர். கடினநீரின் சுண்ணாம்புச் சத்தும் தேயிலைச் சாறும் சேர்ந்து உண்டாவது. இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் கரைந்துவிடும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். கடினநீரில் ருசியும் மட்டம். ஆர்ஓ தண்ணீர் மட்டும் பயன்படுத்தினால் சாறு சப்பென்றிருக்கும், முக்கால் பங்கு ஆர்ஓவோடு கால் பங்கு குழாய்த் தண்ணீர் கலந்து பாருங்கள்.

நிப்ஸுக்குப் பதில் கொக்கோ பவுடர்? (வாசகி, வேலூர்)

இலைக் கலவையில் கூடாது. பவுடர் தண்ணீரில் கரைவதில்லை, ஊறி உப்பி வடிகட்டியை அடைக்கும், மிச்சம் கோப்பை அடியில் சேறாக நிற்கும். பால் சேர்க்கும்போது மட்டும், ஒரு தேக்கரண்டி பவுடரை இரண்டு கரண்டி வெந்நீரில் விழுதாகக் குழைத்துக் கடைசியில் கலக்கலாம். கொக்கோ ஓடு மலிவாகக் கிடைக்கிறதே என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். மணம் நன்றாகவே இறங்கும். ஆனால் கொட்டையைக் காயவைக்கும்போது படியும் தூசியும் ஈயம் போன்ற உலோகங்களும் ஓட்டில்தான் அதிகம் ஒட்டியிருக்கும். தினப்படி குடிக்கும் பானத்துக்கு நிப்ஸே மேல்.

ஒரு கிலோவாகக் கலந்து வைத்துக்கொள்ளலாமா? பூஎர் நாளாக நாளாக நன்றாகும்தானே? (வாசகர், நாகர்கோவில்)

தலைப்பில் சொல்லியிருப்பது உங்களுக்காகத்தான். இந்த மூன்றின் ஆயுளும் மூன்று விதம். பழுத்த பூஎர் நன்றாக வைத்தால் வருடங்கள் தாங்கும், மெருகும் ஏறும். வறுத்த நிப்ஸ் சில மாதம் மணமாக இருக்கும். வறுத்த காப்பிக்கொட்டை நாலைந்து வாரத்தில் இறங்குமுகம், உடைத்துவிட்டால் ஒரு வாரம் தாண்டுவதே கஷ்டம். மூன்றையும் ஒரே டப்பாவில் அடைத்தால் டப்பாவின் வயது காப்பியின் வயதுதான்.

அதோடு நிற்பதில்லை. தேயிலை பக்கத்தில் உள்ள வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். புதுக் காப்பியின் மணத்தை எப்படி இழுக்கிறதோ, அப்படியே சிக்குப் பிடித்த காப்பி எண்ணெயின் வாடையையும் இழுக்கும். இரண்டு மாதம் கழித்துக் காப்பித் துண்டுகளைப் பொறுக்கி எறிந்தாலும் அந்த வாடை இலையை விட்டுப் போகாது. நல்ல பூஎர் கெட்டது கெட்டதுதான். கடைக் கலவையிலும் இதே கதை, அதனால் பாக்கெட்டில் பேக் செய்த தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் காப்பி என்று எழுதியிருப்பது பெயரளவுக்குத்தான்.

ஆகவே, பூஎரைப் பளபளப்பில்லாத மண்ஜாடியில், இறுக்கமில்லாத மூடியோடு, சமையலறைக்கு வெளியே வையுங்கள். தாளிப்பு வாடையும் ஊதுபத்தி வாடையும் படக் கூடாது. 20 முதல் 30 டிகிரி சூடும், 60 முதல் 70 சதவீதம் ஈரப்பதமும் அதற்குப் பிடிக்கும். கடலோர ஊரில் மழைக்காலத்தில் அதைவிட ஈரம் ஏறிவிடும், அந்த மூன்று மாதம் மட்டும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். காப்பியும் நிப்ஸும் தனித்தனிக் காற்றுப் புகாத டப்பாவில். வாரத்துக்கு 30 கிராம் கலந்தால் ஒருவருக்கு நாளொரு கோப்பை வரும்.

டப்பாவைத் திறந்தால் கருவாட்டு வாடை. இலையில் மஞ்சள் பொடியும் தெரிகிறது. (வாசகி, பாண்டிச்சேரி)

கருவாட்டு வாடை, புதிதாகக் குவியலிலிருந்து வந்த சரக்கின் அடையாளம். செய்தித்தாள் படாமல் வெறும் தட்டில் பரப்பி, நிழலில், காற்றோட்டத்தில் ஒரு வாரம் வைத்து, பிறகு ஜாடியில் ஒன்றிரண்டு மாதம் விடுங்கள். அதற்குப் பிறகும் போகவில்லையென்றால் மட்டமான சரக்கு.

மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் மொட்டின் பொன்னிற ரோமம், இலையோடு ஒட்டியே இருக்கும். வெள்ளை, பச்சை, கருப்பு நிறத்தில் பஞ்சு போல எழும்பி, ஊதினால் பறந்தால் அது பூசணம். மேலாக எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள், மொத்தமும் குப்பைக்கு.

டீயும் காப்பியும் சேர்ந்தால் கஃபீன் இரட்டிப்பாகுமே, தூக்கம் வருமா? (வாசகர், விருதுநகர்)

4 கிராம் கலவையில் பூஎர் 2.8 கிராம். தேயிலையில் கஃபீன் சுமார் 3 சதவீதம் என்று வைத்தால் 84 மில்லிகிராம், அதுவும் முதல் தடவையில் முழுசாக இறங்காது. காப்பி 0.4 கிராம்தான். அராபிகாவில் 1.2 சதவீதம் கணக்கில் 5 மில்லிகிராம்கூட வராது. ஆக, உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது காப்பியல்ல, இலை. பத்து கிராம் தூளில் போட்ட சிக்கரியில்லாத டிகாஷனோடு பார்த்தால் இது குறைவுதான். கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வரை என்பது பொதுவான வரம்பு, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். கொக்கோவிலுள்ள தியோப்ரோமின் நாய்க்கு விஷம், வடித்த சக்கையை நாய் எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

எங்கள் ஊர்க் கடைகளில் காப்பியும் டீயும் கலந்த 'சாம்' எப்போதோ உண்டு. இதில் என்ன புதுமை? (வாசகர், ஈப்போ, மலேசியா)

கொக்கோவைத் தவிரப் புதுமை ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறோம். ஹாங்காங்கிலும் பால் டீயையும் காப்பியையும் கலந்து காலங்காலமாகக் குடிக்கிறார்கள், டீ ஏழு பங்கு, காப்பி மூன்று பங்கு என்பது அங்கே வழக்கமான கணக்கு. ஆனால் சாமில் இரண்டையும் தனித்தனியாகக் காய்ச்சிக் கடைசியில் கலக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் சூடு, நேரம் கிடைக்கிறது. கலவைப் பாக்கெட் விற்பவர்கள் உங்கள் கடைக்காரரிடம் படிக்க வேண்டிய பாடம் அது. பூஎர் பிறந்த இடத்துக்கும் காப்பி அந்நியமில்லை. சீனக் காப்பியில் பெரும்பங்கு யுன்னானில்தான் விளைகிறது. 2007வரை சிமாவோ என்றிருந்து பூஎர் என்று பெயர் மாறிய நகரத்தைச் சுற்றி தேயிலையும் காப்பியும் அக்கம்பக்க மலைகளில் நிற்கின்றன.

கோடைக்குக் குளிரவைத்துக் குடிக்கலாமா? ஒரு ராத்திரி பிரிட்ஜில் ஊறவைத்தேன், கொக்கோ வாடையே இல்லை. (வாசகி, காரைக்குடி)

குளிர்ந்த நீரில் கொக்கோ வெண்ணெய் உருகாது, மணம் அதற்குள்ளேயே பூட்டிக்கிடக்கும். ஒரு லிட்டருக்கு 12 கிராம் கலவை எடுத்து, மூன்று நொடிக் கழுவலுக்குப் பிறகு 150 மில்லி கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். பிறகு 850 மில்லி குளிர்ந்த குடிநீரைச் சேர்த்து பிரிட்ஜில் எட்டு மணி நேரம். வடிகட்டும்போது மெல்லிய துணி போட்டால் உறைந்த கொழுப்புப் புள்ளிகள் தங்கிவிடும். பிழியாதீர்கள், பிழிந்தால் கலங்கும். அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாளுக்குள் குடித்துவிடுங்கள்.